விலக்கியபின் உறவு

ஒருவரை வேலைக்கு அமர்த்தப் பணம் இருந்தால் போதும். விலக்கச் சட்டம் தெரிந்தால் போதும். ஆனால், விலக்கிய மறுவாரமே மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே அவர் எதிர்ப்படும்போது, சட்டென்று எதிர்ச்சாரிக்குப் போய்விடாமல், ‘சௌக்கியமா?’ என்று விசாரித்து, அதற்கு அவர் சொல்லும் பதிலையும் நின்று கேட்பதற்கு வேண்டிய திராணியை எந்தச் சாஸ்திரமும் போதிப்பதில்லை.

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளை, சிறிய அச்சுக்கூடம் ஒன்றுக்கு முதலாளி என்ற தோஷத்தினால், நான் பாராயணமே செய்திருக்கிறேன். ஆட்குறைப்புச் செய்வதானால், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும்; பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும்; சாதாரணமாகக் கடைசியில் வந்தவரே முதலில் போக வேண்டும்; மறுபடி ஆள் எடுக்கும்போது போனவருக்கே முன்னுரிமை என்றெல்லாம் விதித்திருந்தது அந்தச் சட்டம். இவ்வளவு தூரம் யோசித்த சட்டகர்த்தாக்கள், போனவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதற்கு மட்டும் ஒரு பிரிவு எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

நான் நடத்திவந்த மாதப் பத்திரிகை அகால மரணம் அடைந்தபோது, கடைசியாகச் சேர்ந்த கம்பாசிட்டரை அனுப்ப நேர்ந்தது. ‘நாளை வா’ என்று இழுத்தடிக்காமல் அன்றைக்கே கணக்கைத் தீர்த்தேன். நற்சான்றிதழும் எழுதிக் கொடுத்தேன். அதில் அவருடைய குணாதிசயங்களை நான் வர்ணித்திருந்த வேகத்தைப் பார்த்து, வேறோர் அச்சுக்கூடத்தார், ‘இத்தனை உத்தமரை ஏன் அனுப்பினீர்கள்?’ என்று சந்தேகப்பட்டு என்னிடமே ஆள் விட்டு விசாரித்தார்கள்.

அவரை அனுப்பிய பிறகும் நான் விடாமல் வைத்திருந்த சிநேகத்தில் என் சுயநலமும் கலந்திருந்ததென்பதை மறைப்பானேன்? என் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் பட்டணத்தில் அவர் ஒருவரே. ஆகவே, மற்றக் கம்பாசிட்டர்கள் அச்சுக் கோக்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு விழிக்கும் என் கதைப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, சாயங்காலத்தில் அவருடைய வீட்டுத் திண்ணைக்கு நானே போக ஆரம்பித்தேன். என்னிடம் சம்பளம் வாங்கிய காலத்தில் எதைக் கொடுத்தாலும் ‘பிரமாதம்’ என்றவர். அச்செழுத்தைத் தலைகீழாகவே பார்த்துப் பழகிய அவர், என் கதையை நேராகப் பிடித்து வாசித்தது அந்தத் திண்ணையில்தான். நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “இரண்டாம் பக்கத்திலேயே கதை முடிஞ்சு போச்சுங்களே, முதலாளி, மிச்சம் எதுக்கு?” என்றார். மிச்சத்தை அடித்தேன், கதை பிழைத்தது. சம்பளத்தோடு சேர்த்து நான் வாங்கிவந்த மரியாதையைவிட, சம்பளம் நின்றபின் கிடைத்த அபிப்பிராயம் மதிப்பில் அதிகம் என்று அன்று தெரிந்தது.

கொஞ்ச காலத்தில் அச்சுக்கூடத்துக்கு வேலை பெருகவே, சட்டம் விதித்தபடி முதல் அழைப்பை அவருக்கே அனுப்பினேன். அவர் வெகு விநயமாகக் கைகூப்பி மறுத்துவிட்டார்:

“வந்துட்டா, மறுபடியும் உங்க கதை நல்லாயிருக்குன்னு சொல்ல வேண்டியிருக்குமே, முதலாளி!”