ஒருநாள் ஆட்ட உத்தம வீர நிர்ணயம்

விதை முந்தியதா மரம் முந்தியதா என்னும் வழக்கு தர்க்க சாஸ்திரத்தில் இன்றளவும் தீராமல் இருப்பினும், அதைப் பற்றி வாதிட்டவர்கள் வாதம் ஓய்ந்தபின் ஒருவர் வீட்டில் மற்றவர் காப்பி அருந்துவதற்கு அதனால் யாதொரு தடையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தில் எக்காலத்துக்கும் உத்தம வீரர் யாவர் என்னும் வழக்கோ அத்தன்மையதன்று. கல்யாணப் பந்திகளிலும், திருவல்லிக்கேணித் திண்ணைகளிலும், கிளம்பத் தாமதமாகும் ரயில் வண்டிகளிலும் நாள்தோறும் எழுந்து, பாயசம் வரும் தறுவாயில் சம்பந்தி ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்துபோகும் அளவுக்கு முற்றக்கூடிய இவ்வழக்கைச் சாஸ்திரோக்தமாக ஆராய்ந்து வகைப்படுத்துவார் இல்லாத குறையைப் போக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இவ்வாட்டத்தின் ஜனனமே ஒரு தற்செயல். மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடவிருந்த டெஸ்ட், விடாமழையால் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட, ஏமாந்த ஜனங்களைச் சாந்தப்படுத்தும்பொருட்டு 1971 ஜனவரி 5 அன்று, ஓவருக்கு எட்டுப் பந்துகளாக அணிக்கு நாற்பது ஓவர்கள் ஆடிக்காட்டினார்கள். ஆஸ்திரேலியா வென்றது, எனினும் 82 ரன் எடுத்த இங்கிலாந்தின் ஜான் எட்ரிச்சே ஆட்ட நாயகர் எனப்பட்டார். அதற்கடுத்த ஒருநாள் ஆட்டம் 1972 ஆகஸ்டில்தான் நடந்ததாகையால், இடைப்பட்ட பத்தொன்பது மாத காலம், உலகின் தலைசிறந்த ஒருநாள் வீரர் எட்ரிச்தான் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமே இருந்திருக்க முடியாது. மானிட சரித்திரத்தில் இந்த விஷயத்தில் நிலவிய ஒரே சமாதான காலம் அதுவே. ஆகஸ்டில் டென்னிஸ் ஏமிஸ் 103 அடித்தார், சமாதானம் போயிற்று.

அதன்பின் வந்த காலத்தை யுகங்களாகப் பிரிப்பதே முறை. தர்ம தேவதை கிருத யுகத்தில் நான்கு கால்களால் நின்று, யுகத்துக்கு ஒரு காலாக இழந்து, கலியில் ஒற்றைக் காலில் தடுமாறுவதாகப் பௌராணிகர் கூறுவர். இவ்வாட்டத்தில் அந்த தேவதையின் ஸ்தானத்தில் இருப்பவர் பந்துவீச்சாளர். அறுபது ஓவர்களும் வெள்ளை உடையும் சிவப்புப் பந்துமாக இருந்த ஆதி யுகத்தில் அவருக்கு எவ்வளவு மரியாதை இருந்ததென்பதை, 1975 இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் உலகக் கோப்பை ஆட்டத்தில், இங்கிலாந்து எடுத்த 334 ஐ எதிர்கொண்ட சுனில் கவாஸ்கர் 174 பந்துகளை ஆடி, 36 ரன்களுடன் ஆட்டமிழக்காமலே திரும்பிய காட்சியால் உணரலாம். பிறகு உள்வட்டம் வந்தது. 1992 உலகக் கோப்பையில், முதல் பதினைந்து ஓவர்களுக்கு இருவரைத் தவிர வேறெவரும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கலாகாது என்றனர். 2011 இல், முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்துகளைக் கொடுத்து, பந்து பழசாகி ரிவர்ஸ் ஸ்விங் ஆகும் வழியையும் அடைத்தனர். ஆகவே ஒரு யுகத்துச் சதத்தை இன்னொரு யுகத்துச் சதத்தோடு ஒப்பிடுவோர், அணாவில் வாங்கிய அரிசியையும் ரூபாயில் வாங்கிய அரிசியையும் விலையை வைத்தே ருசி பார்க்கிறவர்கள் என்று சொன்னால் குற்றமாகாது. அப்படிச் சொல்லியும் எவரும் நிறுத்தினாரில்லை.

இனிப் பிரமாணங்கள். முதலாவதாகிய பிரத்தியக்ஷம், அதாவது கண்கூடு, பெரும்பாலும் வயது முதிர்ந்த கட்சியாரால் கையாளப்படுவது. “நீ ரிச்சர்ட்ஸைப் பார்த்தாயாடா?” என்று பெரியப்பா வினவுமிடத்துப் பதில் சொல்லும் துணிவு எந்தத் தம்பி மகனுக்கும் வருவதில்லை. தலைக்கவசம் இன்றி, வாயில் சூயிங்கம் மென்றபடி, வரும் பந்து தமக்கு ஏதோ பாக்கி வைத்திருப்பதுபோல் நடந்துவந்த அந்த விவியன் ரிச்சர்ட்ஸின் நடையைப் பெரியப்பா வருணிக்கக் கேட்டால், அவர் நேரில் கண்டது மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்த ஓர் அங்குலப் புகைப்படம் மாத்திரமே என்பதை நினைவூட்ட மனம் வராது.

ஆனால் பிரத்தியக்ஷத்தைக் காட்டிலும் வலியது அனுபலப்தி, அதாவது காணாமை, என்பது இத்துறையில் மட்டுமே காணக்கூடிய அதிசயம். பானை இல்லாத இடத்தில் பானையைக் காணோமாதலால் பானை இல்லை என்று முடிவுகட்டுவர் மீமாம்சகர். இங்கே நிலைமை நேர்மாறு. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து நின்ற வேளையில் ஆடிய கபில் தேவ், 138 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார்; அந்த ஆட்டம் படமாக்கப்படவில்லை. படம் இல்லாமையே அதற்குப் பெரும் பலம். ரிச்சர்ட்ஸின் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்து, “இந்தப் பந்து அப்படியொன்றும் வேகமில்லையே” என்று இளைஞர் சொல்லக்கூடும். கபிலின் ஆட்டத்தைப் பற்றி எவர் என்ன சொல்ல முடியும்? அதில் அடிக்கப்பட்ட ஆறு சிக்ஸர்களும் வருஷத்துக்குச் சில கஜமாக இன்னமும் போய்க்கொண்டிருக்கின்றன.

அர்த்தாபத்தி என்பது மூன்றாவது பிரமாணம். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருப்பானேல், இரவில் உண்கிறான் என்று கொள்ளவேண்டும் என்பது சாஸ்திர உதாரணம். மைக்கேல் பெவன் 196 முறை மட்டை பிடித்து 6,912 ரன்களே எடுத்தும் சராசரி 53.58 என்று பருத்திருப்பதன் ரகசியமும் இதுவே: 67 தடவை அவர் ஆட்டமிழக்கவில்லை. இதைப் பெருங்குற்றம்போல் எடுத்துக்காட்டுவோர் உளர். ஆட்டமிழக்காமல் இருப்பது எக்காலத்தில் குற்றமாயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

கணித மார்க்கத்தாரின் நிலைமைதான் பரிதாபகரமானது. “உணர்ச்சி வேண்டாம், எண்ணைப் பார்” என்பது அவர்களுடைய மூல மந்திரம். ரன்களின் மொத்தம் என்றால் 18,426 எடுத்த சச்சின் டெண்டுல்கர். சதங்களின் எண்ணிக்கை என்றால் 2023 இல் மும்பையில், அதே டெண்டுல்கர் பார்த்திருக்க ஐம்பதாவது சதம் அடித்த விராட் கோலி. இவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். சராசரிதான் சாரம் என்று கிளம்பி எண்களை மேலிருந்து கீழாக அடுக்கப் புகுந்தவர் எதிரே, நெதர்லாந்து அணிக்காக 33 ஆட்டங்களில் 67.00 என்னும் சராசரியுடன் ரயன் டென் டஸ்ஷாட்டே வந்து நிற்கிறார்! இப்பெயர் உச்சரிக்கப்பட்ட மாத்திரத்தில் கணித மார்க்கத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குறைந்தபட்சம் இத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்கவேண்டும் என்றொரு உபவிதியைச் சேர்ப்பார்கள். எத்தனை ஆட்டங்கள் என்று கேட்டால் ஐம்பது என்பார் ஒருவர், நூறு என்பார் மற்றொருவர். முப்பத்துநான்குக்குக் குறைவாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

சென்னைவாசிகளுக்கு உரிய தனிச் சிக்கல் ஒன்றுண்டு. 1997 மே மாதம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ரன்கள் எடுத்து, பதின்மூன்று ஆண்டுகள் நிலைத்திருந்த ரிச்சர்ட்ஸின் 189 ஐக் கடந்தார். அக்கினி நட்சத்திர வெயில். தசைப்பிடிப்பினால் ஓட இயலாதுபோகவே, ஆட்டத்தின் நடுவில் ஷாகித் அஃப்ரிடி அவருக்காக ஓட வந்தார். 22 பவுண்டரிகளும் 5 சிக்ஸர்களும் ஆகிய 118 ரன்கள் சந்தேகமின்றி அன்வருடைய கைக்கு உரியவை. எஞ்சிய 76 ரன்களுள், துணை ஓட்டக்காரர் வந்தபின் ஓடப்பட்டவை எவருக்குச் சேரும்? பந்தை அடித்தவருக்கே என்பது சட்டம். வேர்த்தவருக்கும் பங்குண்டு என்பது தர்மம். அஃப்ரிடிக்கு அதில் ஒரு ரன்கூட வரவு வைக்கப்படவில்லை. 2011 இல் சர்வதேச ஆட்டங்களில் துணை ஓட்டக்காரர் என்னும் ஏற்பாடே நீக்கப்பட்டுவிட்டதால் இக்கேள்விக்கு இனி யாதொரு பிரயோஜனமும் கிடையாது. ஆதலால் ஆராய்ச்சிக்கு இதைவிடத் தகுந்த பொருளும் கிடையாது.

இவ்வளவு தூரம் படித்துவந்தவர், பந்துவீச்சாளர் ஒருவரும் வேட்பாளராக நிறுத்தப்படாததைக் கவனித்திருப்பார். திண்ணையிலும் அதுவே வழக்கம். 534 விக்கெட்டுகளுடன் முதலிடத்தில் இருக்கும் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரனைக்கூட, நம்மவர் என்னும் பாசத்தால் எழுந்து நின்று வணங்கிவிட்டு, மீண்டும் உட்கார்ந்து மட்டையாளர்களைப் பற்றியே பேசுவார்கள். 1979 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இரண்டு விக்கெட்டுக்கு 183 என்றிருந்த இங்கிலாந்து 194 க்குள் முழுவதும் சுருண்டது; ஆறடி எட்டங்குல உயரத்திலிருந்து பந்தை இறக்கிய ஜோயல் கார்னர் 38 ரன்கள் கொடுத்து ஐந்து பேரை வீழ்த்தினார். ஆட்ட நாயகர் விருதோ 138 எடுத்த ரிச்சர்ட்ஸுக்குப் போயிற்று.

எனவே என் நிர்ணயம் கார்னரே. ஓவருக்கு அவர் சராசரியாகக் கொடுத்தது 3.09 ரன், நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியோருள் இவ்வளவு லோபம் காட்டியவர் வேறெவருமில்லை. பழைய யுகத்தின் சௌகரியங்களை அனுபவித்தவராயிற்றே என்பது பூர்வபக்ஷம். மட்டையாளரைப் பொறுத்தவரை யுக பேதம் பார்க்கவேண்டியது அவசியம், பந்துவீச்சாளரைப் பொறுத்தவரை அவசியமில்லை என்பது சமாதானம். 98 ஆட்டங்கள்தாமே ஆடினார் என்பது இரண்டாவது ஆக்ஷேபம். குறைந்தபட்ச வரம்பு 98 என்று இதனால் விதிக்கப்படுகிறது.