வெயில் பார்த்து வரும் வைரஸ்

எங்கள் மில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மதியம் ரெண்டு மணி வாக்கில் தானாக அணைந்துவிடுகிறது. ராத்திரி ஷிப்டில் நன்றாக ஓடுகிறது. வைரஸாக இருக்குமோ?
*ஒரு கணக்கர், வேடசந்தூர்*

தேதி பார்த்து வரும் வைரஸ் உண்டு. 1992-இல் உலகத்தையே மிரட்டிய மைக்கேலாஞ்சலோ மார்ச் 6-ஆம் தேதிதான் வேலையைக் காட்டும். வெயில் பார்த்து வரும் வைரஸ் கிடையாது. சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு உள்ளே இருக்கும். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் உயிர் பிழைக்க அணைந்துவிடும். பவரை அணைத்து, வயரை உருவி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். முக்கியமாக, மேஜைக்குக் கீழே கதவு போட்ட பெட்டிக்குள் சிபியுவைப் பூட்டி வைக்காதீர்கள்.

சில நாள் நீலத் திரை வருகிறது. சில நாள் ஒன்றுமே சொல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டும் ஒரே வியாதியா?
*டி.டி.பி. கடைக்காரர், பேகம்பூர்*

நீலத் திரை என்பது விண்டோஸ் எழுதிவைத்துவிட்டுப் போகும் கடிதம். அதில் இருக்கும் ஸ்டாப் கோடை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோடு தினம் ஒன்றாக மாறினால் ரேமைச் சந்தேகப்படலாம். ஒரே கோடு, கூடவே 'சிஸ்' என்று முடியும் ஒரே ஃபைல் பெயர் வந்தால், பெரும்பாலும் டிரைவர்தான் குற்றவாளி. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ரன் பெட்டியில் 'எம்டிஷெட்' என்பதை ஆங்கில எழுத்தில் (எம், டி, எஸ், சி, எச், இ, டி) அடித்தால் விண்டோஸே ரேமைச் சோதித்துச் சொல்லும்.

கடிதம் எழுதாமல் போனால்? அவசரத்தில் கடிதத்தைப் பார்க்க விடாமலே ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு. 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி' பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒன்றும் வராவிட்டால் எழுத நேரமில்லாமல் கரண்ட் நின்றிருக்கும். ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று இருக்கும். அதைக் காட்டி, "இதுதான் கோளாறு" என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். 'போன முறை ஒழுங்காக அணையவில்லை' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் இருந்தும், தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் அணைகிறதே?
*இ-சேவை மையம், ரெட்டியார்சத்திரம்*

யுபிஎஸ் இருக்கிறது, அதற்குள் பேட்டரி இருக்கிறதா? அதாவது, உயிரோடு? நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வருஷம் தாங்கினாலே பெரிது. வேலை எதுவும் ஓடாதபோது யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். லேசர் பிரிண்டரையும் அதிலேயே மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு சந்தேகம். அதன் ஹீட்டர் ஒரே இழுப்பில் யுபிஎஸ்ஸைக் கவிழ்த்துவிடும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் பண்ணிரலாம்ணே" என்கிறார் மெக்கானிக்.
*சேலைக் கடைக்காரர், சின்னாளபட்டி*

சாவி சிக்கினால் கதவையா உடைப்போம், அதுவும் பூட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில்? பஞ்சும் பேட்டரியும் ஃபார்மட்டுக்குக் கட்டுப்படாது. மறுபடி விண்டோஸ் ஏற்றும்போதே பாதியில் நின்றால் ரேம், ஹார்ட் டிஸ்க் பக்கம் பாருங்கள். முதலில் டேலி கணக்கை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

2024-இல் உலகம் பூராவும் கம்ப்யூட்டர்கள் நீலமாகின. என் பழைய பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு உசத்தியா?
*ஒரு வாசகர், நத்தம்*

பெரிய நிறுவனங்கள் வாங்கும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருள் உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். ஜூலை 19 அன்று அது அனுப்பிய பிழையான ஃபைல் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்தால் சரி. ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது. அப்டேட்டுக்கு மறுநாள் உங்கள் பெட்டி மக்கர் செய்தாலும் வைத்தியம் அதே வழிதான்: சேஃப் மோடில் புகுந்து, கடைசியாக வந்ததை வெளியேற்றுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சிபியுவில் சந்தனம் வைக்கலாமா?
*ஒரு வாசகி, பழநி*

தாராளமாக. காற்று போகும் ஓட்டைகளை விட்டுவிட்டு.

ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, பிறகு அப்படியே நிற்கிறது. என்ன செய்யலாம்?
*கல்லூரி மாணவர், நிலக்கோட்டை*

ப்ராஜெக்டை பென்டிரைவில் ஏற்றுங்கள். இன்னுமா படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?