பெஹாலா மாணவர் கோடையியல்: நூற்பாவும் உரையும்

பாயிரம்

கொல்கத்தாவின் தென்மேற்கே டைமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் நெரிந்து கிடக்கும் பெஹாலாவில், தேர்வு முடிந்த மாணவர் கோடையில் செய்வன யாவை என்று வகுத்துரைப்பது இந்நூல். இதற்கு முதல்நூல் கிடையாது. வழிநூல் எழுதவும் ஆளில்லை. எனவே மறுப்பாரும் இல்லை.

நூற்பா 1

மலையே றுதலும் இசைகேட் டலும்உறவு
தலைகாட் டுதலும் எனக்கோடை மூன்றே.

உரை: 'மூன்றே' என ஏகாரம் கொடுத்தமையால் நான்காவது இல்லை என்க. பகல் பன்னிரண்டு மணிவரை தூங்குதல் என்று ஒன்று உண்டே எனின், அது மூன்றுக்கும் பொது, தனியே எண்ணப்படாது. மூன்றாக வகுத்தல் இவ்வூருக்குப் புதிதும் அன்று. 1698இல் சுதாநுட்டி, கோபிந்தபூர், கலிகாத்தா என்னும் மூன்று ஊர்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்த சபர்ண ராய் சௌத்ரி குடும்பம் பெஹாலாவின் பரிஷாவைச் சேர்ந்ததே. வங்காளியின் உல்லாசப் பயணமும் திகா, பூரி, டார்ஜிலிங் என்று மூன்றுதான். முதலெழுத்தைக் கூட்டி 'திபுதா' என வாய்பாடாகவே ஒப்பிப்பார்கள்.

காலம் சித்திரை வைகாசி. வெயில் மிகுந்தால் அரசே விடுமுறையை முன்னுக்கு இழுத்துவிடும். 2024இல் பள்ளிகளுக்கு ஏப்ரல் 22ஆம் தேதியே விடுமுறை தொடங்கிவிட்டது.

நூற்பா 2

குரங்குக் குல்லாயும் இரவல் காலணியும்
இறங்குமட் டும்சொல்லா உண்மையும் மலையே.

உரை: கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த ஊரில் பிறந்தவருக்கு மலைமேல் ஆசை வருவது இயற்கை. பயிற்சிக்கு மலை இல்லாமையால், 2022 டிசம்பரில் திறந்த மெட்ரோ நிலையங்களின் படிக்கட்டுகளே அதற்குப் பயன்படுகின்றன. மலை ஏறுவோர் மூவர்.

தலையாயோர், மானேபஞ்சனில் தொடங்கி டும்லிங், காளிபோக்ரி வழியாக 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு நடப்பவர். மேற்கு வங்கத்தில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. வானம் தெளிந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு நான்கும் தெரியும். மே மாதத்தில் பெரும்பாலும் தெரிவது மேகம். ஆனால் வழியெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். படம் அதைக் கொண்டு ஒப்பேற்றப்படும்.

இடையாயோர், அதே பாதையில் பழைய லேண்ட்ரோவரில் குலுங்கிச் சென்று, கடைசி வளைவில் இறங்கி, மூச்சு வாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்பவர்.

கடையாயோர், டார்ஜிலிங் மாலோடு நிற்பவர். அவ்விடத்துக்கும் சௌரஸ்தா என்றே பெயர்; பெஹாலாவிலும் ஒரு சௌரஸ்தா உண்டு. ஒரு சௌரஸ்தாவில் புறப்பட்டு மற்றொரு சௌரஸ்தாவில் தேநீர் குடித்துத் திரும்புதலே மலையேற்றம் என்பது இவர் கொள்கை. செலவு குறைவாதலின் நாமும் உடன்படுகிறோம்.

இம்மூவர்க்கும் பொதுவான கருப்பொருள் குரங்குக் குல்லா. அது பையில் வைக்கப்படுவதன்று, வைத்துவிடப்படுவது. பிள்ளை எடுத்து வெளியே போடுவான். தாய் மீண்டும் காலுறைக்குள் சுருட்டி நுழைப்பாள். சியால்தாவில் வண்டி ஏறும்போது வெப்பம் முப்பத்தைந்து பாகை இருந்தாலும் தொலைபேசியில் வரும் முதல் கேள்வி, "குல்லா போட்டுக்கிட்டியா?" என்பதே. ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை சிங்கலீலா தேசியப் பூங்கா மூடிக்கிடக்குமாதலின், இவ்வியல் அத்துடன் முடியும்.

நூற்பா 3

மைக்குச் சோதனையும் மழைவந்து கலைத்தலும்
கைதட்ட உறவினர் காத்தலும் இசையே.

உரை: பெரிய கச்சேரிகள் குளிர்காலத்தன, 1952 முதல் நடந்துவரும் டோவர் லேன் இசை மாநாடு ஜனவரிக்குரியது. கோடைக் கச்சேரியோ பாட வல்லாருக்கு அன்று, பாடப் பழகுவாருக்கு. வங்க நாள்காட்டியில் பொய்ஷாக் 25 தாகூர் பிறந்தநாள். நம் கணக்கில் மே 8 அல்லது 9. அன்று தெருவுக்கு ஒரு மேடை. சிவப்புக் கரை வெள்ளைச் சேலை கட்டிய சிறுமியர் வரிசையாக உட்காருவார்கள்; ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு கை ஓயாமல் அசையும்; நிகழ்ச்சித் தாளில் நாற்பது பெயர் இருக்கும். பதினேழாவது பெயர் வருமுன் காலபோய்ஷாகி என்னும் கோடைச் சூறை வந்து பந்தலைத் தூக்கும், மின்சாரம் போகும். எல்லோரும் கிளப் வராந்தாவில் ஒதுங்கி மீதிப் பாட்டை மைக் இல்லாமல் பாடுவார்கள். கச்சேரியில் தலைசிறந்த பகுதி அதுவே என்பது கேட்டார் துணிபு.

இரண்டரை வாரம் கழித்து, ஜொய்ஷ்டா 11 அன்று, கவிஞர் நஸ்ருல் பிறந்தநாள். அதே ஆர்மோனியம், அதே சிறுமி, வேறு பாட்டு. ராக் இசைக் குழுக்களின் பின்னால் திரியும் கல்லூரி மாணவரும் இவ்விரு நாளும் தப்ப முடியாது. பாடுபவள் சித்தப்பா மகளாக இருப்பாளாதலின்.

நூற்பா 4

உண்டபின் உண்கெனலும் உண்ணாக்கால் இளைத்தாயென்று
அண்டை அயலார்முன் அழுதலும் உறவே.

உரை: உறவு காணல் அண்மை, சேய்மை என இருவகைப்படும். அண்மையாவது தாக்கூர்புக்கூரில் அத்தை, பர்ணஸ்ரீயில் பெரியம்மா, எல்லாவற்றுக்கும் மேலாக மாமன் வீடு. ஹிம்சாகர் மாம்பழம் பழுக்கும் காலமும் மருமகனுக்கு விருந்திடும் ஜமாய் சஷ்டியும் ஒன்றாக வருதலின், அக்காள் கணவனுக்குப் போட்ட இலையில் மைத்துனன் பங்கு பெறுவான். மருமகன் இரண்டு துண்டு ஹில்சாவோடு மரியாதைக்கு நிறுத்திக்கொள்ள, மைத்துனனுக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்பது சிறப்பு விதி.

சேய்மையாவது கொல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைகளுக்குரியது. லேக் மார்க்கெட்டிலோ பெஹாலாவிலோ வளர்ந்தவர்கள், 1977 முதல் ஓடும் கோரமண்டல் விரைவு வண்டியில் ஷாலிமாரில் ஏறி, மறுநாள் மாலை சென்னையில் இறங்குவார்கள். "தமிழ் பேசுவியாப்பா?" என்று பெரியப்பா கேட்பார். பிள்ளை நன்றாகவே பேசுவான். ஆயினும் அவர் எல்லோரிடமும், "பாவம், அங்கேயே வளர்ந்தது" என்பார். இது வழு அன்று, மரபு.

புறனடை

மூன்றெனப் பிரித்தவை முடிவில் ஒன்றே.

உரை: மலைக்குப் போகிறவன் செலவுக்குப் பணம் தந்தவர் மாமா. சிலிகுரியில் அவனுக்கு மீன் சோறு போட்டவர் மாமாவின் நண்பர். கச்சேரியில் பாடியவள் சித்தப்பா மகள். ஆக முதல் இரண்டும் மூன்றாவதன் உட்பிரிவே. தனியாகச் சுற்றினேன் என்று எந்தப் பெஹாலா மாணவனாவது சொன்னால், அவன் பையைத் திறந்து பாருங்கள்; யாரோ கட்டிக்கொடுத்த பொட்டலம் இருக்கும்.

இந்நூலால் பயன் என்ன எனின், ஒன்றே. மே மாதத்தில் முதுகுப் பையுடன் ஒரு பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால், இவன் எவ்வகை என்று ஆராய்ச்சி செய்யாதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.