நான்கு முழ தூரம்

கேள்வி: சிரிப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு சமயக் கூட்டத்தை விட்டு வெளியேறிவிட்டேன், ஆனால் கடவுளை விட மனம் வரவில்லை. இனி என்னை நான் என்னவென்று சொல்லிக்கொள்வது?

பதில்: விலாசம் மாறியவருக்குப் பெயரும் உடனே மாற வேண்டுமென்று என்ன நிர்ப்பந்தம்? 1656-ஆம் ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தார் பின்னாளில் தத்துவஞானியாகப் பெயர்பெற்ற 23 வயது ஸ்பினோசாவைச் சாபமிட்டு, ஜாதிப்பிரஷ்டம் போலவே விலக்கிவைத்து, அவரோடு யாரும் பேசக் கூடாது, நான்கு முழ தூரத்துக்குள் நெருங்கக் கூடாது (முழக்கோலோடு பின்னால் யாராவது நடந்தார்களா என்று கேட்க எனக்கு ஆசை), அவர் எழுதியதைப் படிக்கவும் கூடாது என்று விதித்த பிறகு, அந்த மனிதர் வேறொரு சமயத்தில் போய்ச் சேரவுமில்லை, புதிதாக ஒன்றை ஸ்தாபிக்கவுமில்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றி ஜீவித்துக்கொண்டு, கடவுளும் இயற்கையும் ஒன்றே என்று விஸ்தாரமாக எழுதிக்கொண்டிருந்தார். ஹேக் நகரில் அவர் குடியிருந்த வீட்டு அம்மாள், தன் மதத்திலேயே இருந்தால் தனக்கு மோட்சம் கிட்டுமா என்று ஒருநாள் கேட்டதற்கு, சாந்தமாகவும் பக்தியோடும் வாழ்ந்தால் அதுவே போதும், வேறொன்றைத் தேட வேண்டாம் என்றாராம். வலிய வந்த சிஷ்யையை இப்படி வாசலோடு திருப்பி அனுப்ப நம்மூர் மடாதிபதிகளுக்கு மனம் வருமா?

ஆகையால் பெயர்ப்பலகை எழுத அவசரப்படாதீர்கள். விட்டுவந்த கூட்டத்தைத் தினம் மூன்று வேளையும் திட்டிக்கொண்டிருந்தால், அதற்கு இன்னமும் சந்தா கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அதை மட்டும் நிறுத்துங்கள். ஸ்பினோசா 1677-இல் தமது 44-ஆவது வயதில் காலமானபோது, அவருடைய தலையாய நூல் அச்சேறாமல் எழுதுமேஜைக்குள் கிடந்தது. நண்பர்கள் அதே ஆண்டில் அதை வெளியிட்டார்கள்.