விலை கேளாத மகானுபாவர்

உலகத்தில் விலை கேட்காமல் வாங்குகிற மனிதர்கள் இரண்டே வகையினர். கேட்க வேண்டிய அவசியமில்லாத கோடீசுவரர்கள் ஒரு வகை. கேட்க வெட்கப்படுகிற நடுத்தர வர்க்கத்துக் குடும்பஸ்தர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் ஹோட்டலுக்கு வந்து பயனில்லை; அவர்களுக்கு வைத்தியர் கஞ்சியும் மோரும் எழுதிக் கொடுத்திருப்பார். ஆகையால் ஹோட்டல் என்னும் மகத்தான ஸ்தாபனம், நெய்யும் முந்திரியும் விலையேறிய இந்தக் காலத்திலும் நிலைகுலையாமல் நிற்பதற்கு, இரண்டாம் வகையைச் சேர்ந்த மகானுபாவர்களே காரணம்.

நான் சொல்லவந்த மகானுபாவர் நாகர்கோவில்காரர். வடசேரிச் சந்தைக்குப் போனால், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துக் காட்டி, அது முற்றல் என்பதை நாலுபேர் முன்னிலையில் ஸ்தாபித்து, கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்து, அந்த வெற்றியின் சின்னமாகக் கறிவேப்பிலையும் கொசுறு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். ஆட்டோவில் ஒரு காலை வைப்பதற்கு முன்பே கூலி பேசி முடிப்பார். மின்சாரக் கட்டணச் சீட்டை மூக்குக் கண்ணாடி அணிந்து ஒருமுறையும், கழற்றி ஒருமுறையும் வாசிப்பார். இவ்வளவு கணக்கறிந்த மனிதர், மேஜை விரிப்பும் மடித்து நிறுத்திய கைத்துடைப்பானும் உள்ள ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்தவுடன், தம் விவேகம் முழுவதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறார். செருப்பாவது காலோடு உள்ளே வருகிறது, விவேகம் வருவதில்லை.

இவருடைய சுபாவத்தைப் பூரணமாகத் தரிசிக்க விரும்புகிறவர்கள், இவர் குடும்ப சமேதராகப் பொன்முடிக்குப் புறப்படும் நாளில் உடன் போகவேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். முடிவில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் மூடுபனியும். அந்தப் பாதையை எந்த ஹோட்டல்காரரும் போடவில்லை. ஆனாலும், மனிதனுடைய வயிற்றில் பசியை மூட்டுவதற்கென்றே ஒரு நிபுணர் உட்கார்ந்து பாதை வகுத்திருந்தால், இதைக் காட்டிலும் சிலாக்கியமாக வகுத்திருக்க முடியாது. காலையில் உண்ட இட்டிலி பாதி வளைவுகளுக்குள் ஜீரணமாகிவிடுகிறது. மீதி வளைவுகளில் குளிர்காற்று புகுந்து அடுத்த வேளைக்கு அஸ்திவாரம் போடுகிறது. உச்சியிலோ உணவு கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பசி பெரிதாகவும் கடை சிறிதாகவும் உள்ள இடத்தில் விலை எந்தத் திசையில் போகும் என்பதை அறியப் பொருளாதார சாஸ்திரம் பயில வேண்டியதில்லை. கீழே இறங்கிப் போக மனமில்லாத நாலுபேர் இருந்தால் போதும்.

இதை முன்கூட்டி அறிந்தவர், குடும்பம் ஏறிவந்த காரில் ஒருவர் உண்டு, அவர் டிரைவர். விதுராவில் காரை நிறுத்தி, குடும்பத்தார் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த இடைவேளையில், விலைப்பலகை சுவரில் தொங்கும் ஒரு சிறு கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டு, ஒரு கட்டன்சாயாவும் குடித்துவிட்டு அவர் வந்து உட்கார்ந்தார். "நீங்களும் இங்கேயே ஏதாச்சும் கழிக்கலாமே, சார்" என்று அவர் சொன்னதை மகானுபாவர் ஒரு புன்னகையால் நிராகரித்தார். குடும்பத்தை அழைத்து வந்தவர், வழியோரக் கடையில் உட்கார வைப்பதாவது!

மலைமேல் விடுதியில் முதல் யுத்தம் தண்ணீரிலேயே தொடங்குகிறது. "சாருக்கு வெள்ளம் சாதாவா, மினரலா?" என்று சப்ளையர் கேட்கிறார். கேரளத்து ஹோட்டல்களில் பதிமுகச் சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீர் என்று ஒன்று உண்டு, கொதித்து ஆறியது, காசு இல்லாதது. பாட்டில் நீரை விட எந்தவிதத்திலும் தாழ்ந்ததன்று. எனினும், பக்கத்து மேஜைக்காரர் காதில் விழும்படி, குழந்தைகள் முன்னிலையில், "சாதா" என்று தம் வாயால் ஒப்புக்கொள்ள மகானுபாவரின் கௌரவம் இடம் தருமா? "மினரல்" என்கிறார், தாம் பிறந்தது முதல் வேறு நீர் பருகாதவரைப் போல. அந்தப் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் போட்டால் சட்டம் ஓடிவந்து காப்பாற்றும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல்: ஹோட்டலில் விற்கப்படுவது தண்ணீர் மட்டுமல்ல, அதோடு சேர்ந்த இடமும் உபசாரமுமே என்ற நியாயத்தின் பேரில், அங்கே எம்.ஆர்.பி.க்கு மேல் விலை வைக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நாட்டின் தலைசிறந்த நியாயஸ்தலமே மகானுபாவரைக் கைவிட்ட பிறகு, எஞ்சியிருக்கும் ஒரே அடைக்கலம் அந்த இளஞ்சிவப்பு நீர்தான்.

இரண்டாம் யுத்தம் உணவைப் பற்றியது. இவர் ஊண் கேட்கிறார். ஊண் என்பது ஒரே விலை கொடுத்துச் சோற்றையும் குழம்பையும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கத்தக்க, கள்ளங்கபடற்ற ஏற்பாடு. இந்தக் கபடமின்மையில் ஹோட்டலுக்கு லாபம் சொற்பம். எனவே சப்ளையர் சற்றே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்பெஷல் எந்தெங்கிலும்?" என்று கேட்கிறார். இந்தக் குரல் தாழ்த்துதல்தான் அந்தரங்க வித்தை. உரக்கச் சொன்னால் அது வியாபாரம். மெல்லச் சொன்னால் அது சினேகம். "என்ன இருக்கு?" என்று மகானுபாவர் கேட்டதுமே பாதிக் கோட்டை விழுந்துவிட்டது. நெய்மீன், செம்மீன், பீஃப், சிக்கன் என்று சப்ளையர் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் அந்தப் பட்டியலில் பண்டங்கள் எல்லாம் வரும். எண் மட்டும் ஒன்றுகூட வராது.

கடைசியில் ஒரு தட்டில் கரிமீனே வந்து காட்சி தருகிறது. 2010-ல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட அந்தக் காயல்வாசி, மகானுபாவரைப் போலவே 22 வளைவும் ஏறி வந்திருக்கிறது. வழிச்செலவு அதற்கும் உண்டல்லவா? மெனு அட்டையில் அதன் பெயருக்கு நேரே விலை இல்லை, ஏ.பி.எஸ். என்று மூன்று எழுத்துக்கள் இருக்கின்றன. மீனின் அளவைப் பொறுத்து விலை என்பது அதன் தாத்பரியம். அளவை நிச்சயிப்பவர் யார், எந்தத் தராசில் என்பதெல்லாம் அட்டையில் இல்லை.

"ஏங்க, வெல என்னண்ணு ஒண்ணு கேளுங்க" என்று மனைவி காதோரம் சொல்கிறாள்.

"சும்மா இரி" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு, சப்ளையர் பக்கம் திரும்பி, "ரெண்டு எடுங்க" என்கிறார் மகானுபாவர். ஒன்றே போதும் என்று இருந்தவர் இரண்டு சொன்னதற்குக் காரணம் மனைவியின் கேள்வி சப்ளையர் காதில் விழுந்திருக்குமோ என்ற ஐயமே. அந்த ஐயத்தின் விலை ஒரு கரிமீன்.

இந்த வித்தைகளை எல்லாம் மேல்நாட்டார் சாஸ்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவனா, ஸ்மித் என்ற இருவர் 1982-ல் 'மெனு எஞ்சினியரிங்' என்று ஒரு நூல் வெளியிட்டனர். விற்பனையும் லாபமும் மிக்க பண்டங்கள் நட்சத்திரங்கள். விற்பனை மிகுந்து லாபம் குறைந்தவை ஏர்க்குதிரைகள். லாபம் மிகுந்து விற்பனை குறைந்தவை புதிர்கள். இரண்டும் அற்றவை நாய்கள் என்பது அவர்கள் வகுத்த வர்ணாசிரமம். நம் ஊணும் இட்டிலியும் நாள் முழுதும் உழைக்கும் ஏர்க்குதிரை ஜாதி. குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவது ஒரு புதிராக இருக்கலாம் என்று சந்தேகிப்பதில் தோஷமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009-ல் இன்னொன்றும் கண்டு சொன்னார்கள்: விலைக்கு முன்னால் டாலர் குறி இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சிட்ட அட்டையைப் பார்த்து உண்டவர்கள், குறியுள்ள அட்டையைப் பார்த்தவர்களைவிட அதிகம் செலவழித்தார்களாம். பாவம், நாணயக் குறியை மறைப்பதற்கே அவ்வளவு ஆராய்ச்சி அங்கே வேண்டியிருந்தது. நம் மகானுபாவருக்கு எண்ணையே மறைத்துவிட்டாலும் ஆட்சேபணை இல்லை.

இவரைத் திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காப்பி ஹவுஸுக்கு அழைத்துப் போனால் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். லாரி பேக்கர் வடிவமைத்த அந்தச் சுருள் கட்டடத்தில், சுற்றிச் சுற்றி ஏறும் தரையோரம் மேஜைகள் இருக்கும், தலைப்பாகை அணிந்த தொழிலாளி வந்து நிற்பார், கேட்டதைக் கொண்டுவருவார், கேளாததைப் பற்றிப் பேசமாட்டார். நடத்துவதோ தொழிலாளர் கூட்டுறவு. பீட்ரூட் சேர்த்த மசாலாதோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு எழுந்தால், பையின் கனம் அதிகம் குறைந்திருப்பதில்லை. மகானுபாவருக்கு இது திருப்தி தருவதில்லை. "சாப்பாடு மோசமில்ல. ஆனா நம்மள ஒருத்தனும் கவனிக்கல்ல" என்பது அவருடைய அபிப்பிராயம். கவனிப்பு என்பதும் தட்டில் வைத்து விற்கப்படும் ஒரு பண்டமே என்பதும், அதுதான் பட்டியலில் மிக உயர்ந்த விலையுள்ளது என்பதும் அவர் அறியாதவை.

அறிய விரும்பும் பிறருக்காக உபாயங்களைச் சொல்லிவிடுகிறேன். மலை ஏறுமுன் அடிவாரத்தில் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்வது உத்தமம். பசித்தவன் கண்ணுக்குப் பட்டியல் முழுவதும் அவசியமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், முதலில் கொஞ்சம் வரவழைத்து உண்டபின் தேவையானால் மறுபடி சொல்லலாம். சமையற்கட்டு எங்கும் ஓடிப்போகாது. அட்டையில் விலை இல்லாத எதையும், அது மீனானாலும் அமிர்தமானாலும், விலை கேளாமல் வரவழைக்கலாகாது. பில் வந்ததும், தட்டிலுள்ள சோம்பையும் கற்கண்டையும் மெல்வதோடு நில்லாமல், வரிவரியாகப் படிக்கவேண்டும். சேவைக் கட்டணம் என்று ஒன்று தானாகவே சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்த நெறிமுறைகள் செல்லுமென்று டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. முறையிட 1915 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சிரேஷ்டமான உபாயம், "இது என்ன விலை?" என்ற மூன்றே சொல். அதைக் கேட்டதனால் எந்தச் சப்ளையரும் எவரையும் இகழ்ந்ததில்லை. நாள் முழுதும் பிறருடைய பணத்தை எண்ணுகிறவருக்குக் கேட்கிறவரிடம்தான் மதிப்பு அதிகம்.

ஆனால் இந்த உபதேசம் எதுவும் நம் மகானுபாவரிடம் செல்லாது. ஏனென்றால், அவர் மலைமேல் வாங்கியது மீன் அல்ல. மறுநாள் மாலை நாகர்கோவிலில், அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டால் இது விளங்கும். பனியைப் பற்றி ஒரு வாக்கியம், வளைவுகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, "சாப்பாட்டுக்கு மட்டும் நாலாயிரம் ஆச்சு, கேட்டேளா" என்று பெருமூச்சுப் போன்ற ஒரு பெருமையோடு முடிப்பார். உண்மையில் ஆனது 3,200 ரூபாய். ஹோட்டல்காரர் பில்லில் சேர்க்கத் துணியாத எண்ணூறு ரூபாயை, எவரும் கேளாமலே, அவர் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார்.