ஆளுக்கொரு முத்திரை

மன்னார்த் தீவில் சுற்றாடலைக் காக்க ஆள் பஞ்சமே இல்லை. பேசாலைக் கரையில் நின்று பாருங்கள்: கரை கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு, மண்ணுக்குள் கிடக்கும் இல்மனைட் புவிச்சரிதவியல் பணியகத்தின் பொறுப்பு, மேலே பறக்கும் வலசைப் பறவை வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. குப்பை மட்டும் பிரதேச சபைக்கு. மாகாண சபையா? 2018இல் காலம் முடிந்து போனது, இன்னும் தேர்தல் இல்லை. யாருக்கும் குறுக்கே நிற்பதில்லை. அதுவும் ஒருவகை ஒத்துழைப்புத்தான்.

2020இல் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் எழும்பின. அதன் பிறகு மழைவெள்ளம் கடலுக்கு வடிவதில்லை என்பது சனத்தின் முறைப்பாடு. மனு கொடுத்தால் கிராம அலுவலர் ஒரு முத்திரை, பிரதேச செயலகம் ஒரு முத்திரை, கச்சேரி ஒரு முத்திரை. பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது, கொழும்பு குத்துவதற்கு.

அடுத்த தொகுதிக் காற்றாலைகளை எதிர்த்துச் சனம் வீதிக்கு இறங்கியதும், 2025 ஓகஸ்ட்டில் ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார், கலந்து பேசவாம். செப்டெம்பர் கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் காவலோடு தீவுக்கு வந்தன. மறித்தவர்களுக்கு அடியும் விழுந்தது. காற்றாலைக் கோப்பு மட்டும் எந்த மேசையிலும் தங்கவில்லை.