பதினைந்தாவது ஃபிளாப்பி

ஃபிளாப்பி காலத்தில் பெரிய ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள்?

நடந்துதான்! ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்.பி.தான் கொள்ளும். 20 எம்.பி. ஃபைலைக் கறிக்கடை மாதிரி கூறு போட்டு, 1 முதல் 15 வரை நம்பர் எழுதி, ரப்பர் பேண்ட் மாட்டி எடுத்துப்போவோம். 14 வரை சமர்த்தாக ஏறும். பதினைந்தாவது, 'படிக்க முடியவில்லை' என்று கைவிரிக்கும். என் பையனும் அதையேதான் சொல்கிறான். அவனை ஃபார்மட் பண்ண முடியவில்லை.

1.44 எம்.பி.க்கு மேல் திணிக்கவே முடியாதா?

ஏன் முடியாது? விண்டோஸ் 95-ஐ 13 ஃபிளாப்பிகளில் விற்ற மைக்ரோசாஃப்ட், முதல் தகடு நீங்கலாக மற்றவற்றில் 1.68 எம்.பி. ஏற்றியது. நம்ம டவுன்பஸ் கண்டக்டர் யாரோ அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும்.

32 ஜி.பி. பென்டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜி.பி. படம் ஏறவில்லையே?

வீடு பெரிசு, வாசல் சிறிசு. ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தொடக்கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும். கல்யாண போட்டோ இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். எடுக்காவிட்டாலும் உங்கள் இஷ்டம்.

இன்டர்நெட் வந்த பிறகும் கையில் சுமப்பது பத்தாம்பசலித்தனம் இல்லையா?

2009-ல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா, காலில் 4 ஜி.பி. கார்டைக் கட்டிக்கொண்டு ஹோவிக்கிலிருந்து டர்பன் பக்கம் பறந்தது. ஒரு மணி எட்டு நிமிடம். கார்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கி முடித்தபோது, இணைய வழியில் 4 சதவீதம்தான் போயிருந்தது. ரீசார்ஜ் செலவு, ஒரு பிடி தானியம்.